சம்பளம் எடுத்துக்கொண்ட 18 லட்சம்

வரி கேள்வி–பதில்: இந்த முறை பல் வைத்தியர்களுக்கு

போன இதழில் கடைக்காரர்களுக்கான வரிக் குறிப்புகள் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு அதிகம் எழுதியவர்கள் கடைக்காரர்கள் அல்ல, பல் வைத்தியர்கள். கிளிநொச்சி, முருங்கன், புதுக்குடியிருப்பு, மல்லாவி, வவுனியா என்று வன்னியின் எல்லாப் பக்கத்திலிருந்தும் கடிதம் வந்திருக்கிறது. வவுனியாவில் கணக்குப் பார்க்கிற எனக்கு இது ஆச்சரியம் தரவில்லை. ஐந்தாறு வருடத்துக்குள் இவர்களுடைய வரி அடியோடு மாறிப்போனது. உட்கார வைத்து விளக்கிச் சொல்லத்தான் பக்கத்தில் ஆள் இருக்கவில்லை. கேள்விகளைச் சுருக்கியிருக்கிறேன், பெயர்களை எடுத்துவிட்டேன். தொகைகள் விளங்குவதற்காக வட்டமாக்கியவை.

கேள்வி: நான் அரச வைத்தியசாலையில் பல் வைத்தியர். பின்னேரங்களில் கிளிநொச்சியில் சொந்தக் கிளினிக் நடத்துகிறேன். சம்பளத்தில் ஏபிஐடி வரி (சம்பளத்திலேயே முன்கூட்டிப் பிடிக்கிற வருமான வரி) பிடிக்கிறார்கள். வரி இல்லாத எல்லை வருடத்துக்கு 18 லட்சமாகக் கூடிவிட்டது என்று பேப்பரில் பார்த்தேன். கிளினிக் இலாபமும் கிட்டத்தட்ட 18 லட்சம்தான். அப்படியென்றால் கிளினிக்குக்கு வரி இல்லைத்தானே?

பதில்: இருக்கிறது டொக்டர், நன்றாகவே இருக்கிறது. 18 லட்சம் என்பது ஓர் ஆளுக்கு, ஒரு வருடத்துக்கு, ஒரே ஒரு தடவை. சம்பளத்துக்கு ஒரு 18, கிளினிக்குக்கு இன்னொரு 18 என்று சட்டம் தரவில்லை. உங்கள் சம்பளத்தில் மாதம் 150,000 ரூபா வரை வரி பிடிக்காமல் விடுகிறார்களே, அதைப் பன்னிரண்டால் பெருக்கிப் பாருங்கள். சரியாக 18 லட்சம். வரி இல்லாத அந்த எல்லையை, அதாவது நிவாரணத்தை, முழுவதுமாகச் சம்பளமே எடுத்து முடித்துவிட்டது. கிளினிக் இலாபம் முதல் ரூபாவிலிருந்தே வரிக்குள் வருகிறது. அதுவும் சம்பளம் விட்ட இடத்திலிருந்து மேலே ஏறுகிறது.

கணக்காகவே பார்ப்போம். 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளபடி, நிவாரணம் போக மிஞ்சுவதில் முதல் 10 லட்சத்துக்கு 6 வீதம். அடுத்த 5 லட்சத்துக்கு 18, அதற்கடுத்த 5 லட்சத்துக்கு 24, பின்னர் 5 லட்சத்துக்கு 30, அதற்கு மேல் எல்லாவற்றுக்கும் 36. உங்கள் வரிக்குரிய சம்பளம் மாதம் 200,000 என்று வைப்போம். வருடத்துக்கு 24 லட்சம். 18 போக 6 லட்சம், அதற்கு 6 வீதம் 36,000. இதைத்தான் மாதம் 3,000 வீதம் பிடிக்கிறார்கள். சம்பளம் போடுகிற அலுவலகத்துக்கு உங்கள் கிளினிக்கைப் பற்றி ஒன்றும் தெரியாது.

இப்போது கிளினிக் இலாபம் 18 லட்சத்தையும் சேருங்கள். மொத்தம் 42 லட்சம், நிவாரணம் போக 24 லட்சம். முதல் 10 லட்சத்துக்கு 60,000, அடுத்த ஐந்துக்கு 90,000, அடுத்த ஐந்துக்கு 120,000, மிச்சம் 4 லட்சத்துக்கு 30 வீதப்படி 120,000. மொத்தம் 390,000. சம்பளத்தில் ஏற்கெனவே பிடித்த 36,000 போக, நீங்கள் கையால் கட்ட வேண்டியது 354,000. கிளினிக் இலாபத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு.

பெரிய தொகைதான். ஆனால் வந்த வழியையும் பார்க்க வேண்டும். 2020/21, 2021/22 வரி வருடங்களில் நிவாரணம் 30 லட்சம், உச்ச வீதம் 18. இதே 42 லட்சத்தில் 30 போக மிஞ்சுகிற 12 லட்சமும் 6 வீதப் படிக்குள்ளேயே நின்றதால், அப்போது வரி 72,000 மட்டுமே. 2023 ஜனவரியில் நிவாரணத்தை 12 லட்சமாகக் குறைத்து, ஐந்து ஐந்து லட்சமாகப் படி வைத்து 36 வீதம் வரை ஏற்றினார்கள். அந்தக் கணக்கில் இதே ஆளின் வரி 630,000. இப்போது 390,000க்கு இறங்கியிருக்கிறது. 2025 திருத்தம் உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் 72,000 காலத்தில் கிளினிக் திறந்து, அந்த வரியை மனதில் வைத்து வங்கிக் கடன் எடுத்தவர்கள் எங்கள் பக்கத்தில் பலர். அவர்களுடைய மாதத் தவணை 2025இல் இறங்கவில்லை. இளம் வைத்தியர்கள் சிலர் கிளினிக்கை மூடிவிட்டு வெளிநாட்டுக்கு எழுதிப்போட்டதற்கு இதுவும் ஒரு காரணம் என்பதை அவர்களுடைய கணக்குகளிலேயே பார்த்திருக்கிறேன்.

கேள்வி: வரியை வருட முடிவில் ஒரேயடியாகக் கட்டினால் என்ன? தவணை தவணையாக ஏன் கட்ட வேண்டும்? (முருங்கன்)

பதில்: சட்டம் அப்படித்தான் கேட்கிறது. மன்னார்க்காரரான உங்களுக்கு முதல் தவணையை நினைவில் வைக்கக் கலண்டரே தேவையில்லை. ஆகஸ்ட் 15, மடுத் திருவிழா நாள். அப்புறம் நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15. வரி வருடம் ஏப்ரல் 1இல் தொடங்கி மார்ச் 31இல் முடிகிறது. மிச்சம் ஏதும் இருந்தால் செப்டெம்பர் 30க்குள் கட்ட வேண்டும், விவரத்திரட்டை நவம்பர் 30க்குள் இணையத்தில் அனுப்ப வேண்டும். பிந்தினால் மாதத்துக்கு 1.5 வீத வட்டி, அதற்கு மேல் தண்டமும் வரும்.

வன்னியில் இதில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. பெரும்போக அறுவடை முடிந்து, மாசி பங்குனியில் நெல்லுக் காசு கைக்கு வந்த பிறகுதான் சனம் பல் செட் போடவும் பல் கட்டவும் வருகிறது. வலி தாங்காதவர்கள் மட்டும் எந்த மாதமும் வருவார்கள். கார்த்திகை மழையில் கதிரை பாதி நாள் காலியாக இருக்கும். நவம்பர் தவணையோ அந்த மழைக்குள்தான் வந்து நிற்கும். அதனால் நான் எல்லோருக்கும் சொல்வது ஒன்றுதான்: வேறொரு வங்கிக் கணக்குத் திறந்து, மேலே சொன்ன அளவு வருமானம் உள்ளவர் என்றால் வாராவாரம் இலாபத்தில் ஐந்தில் ஒன்றை அதில் போடுங்கள். அறுவடைக் காலத்தில் கூடுதலாகவே போடுங்கள். அந்தக் கணக்குக்கு ஏரிஎம் கார்ட் எடுக்காதீர்கள். இப்படிச் செய்பவர்களில் ஒருவரும் தவணை நாளில் கடன் கேட்டு அலைந்ததை நான் பார்க்கவில்லை.

கேள்வி: என் கிளினிக்கில் இரண்டு பிள்ளைகள் உதவிக்கு நிற்கிறார்கள். சம்பளம் கையில் கொடுக்கிறேன். 15 பேருக்கு மேல் இருந்தால்தான் இபிஎப் (ஊழியர் சேமலாப நிதி) என்று ஒருவர் சொன்னார். ஒரு பிள்ளையும் “வேண்டாம் டொக்டர், கையிலேயே தாங்கோ” என்கிறா. என்ன செய்யலாம்? (புதுக்குடியிருப்பு)

பதில்: ஒரே ஒரு ஆள் வேலை செய்தாலும் ஊழியர் சேமலாப நிதி கட்ட வேண்டும், ஊழியர் நம்பிக்கை நிதியும் கட்ட வேண்டும். 15 பேர் என்ற கணக்கு 1983ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டத்தில் வருவது. இரண்டையும் போட்டுக் குழப்பியிருக்கிறார்கள். வேலை செய்கிறவர் வேண்டாம் என்று சொன்னாலும், கையெழுத்து வைத்தே தந்தாலும் உங்கள் பொறுப்பு தீராது.

தொகை இவ்வளவுதான். தேசிய ஆகக் குறைந்த சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ஆனது, 2026 ஜனவரியில் 30,000 ஆனது. 30,000 கொடுக்கிறீர்கள் என்றால் சேமலாப நிதிக்கு நீங்கள் 12 வீதம், அதாவது 3,600. நம்பிக்கை நிதிக்கு 3 வீதம், 900. பிள்ளையின் சம்பளத்தில் 8 வீதம், 2,400 பிடித்து அதையும் சேர்த்து அடுத்த மாத முடிவுக்குள் அனுப்புகிறீர்கள். உங்களுக்கு ஓர் ஆளுக்கு மேலதிகச் செலவு 4,500 ரூபா, அதுவும் இலாபத்தில் கழிகிற செலவு. 30 வீதப் படியில் நிற்கிற ஒருவருக்கு அதில் 1,350 வரியாகத் திரும்பி வருகிறது. கட்டாமல் விட்டுப் பிறகு கட்டினால் 5 வீதத்தில் தொடங்கி 50 வீதம் வரை மேலதிகக் கட்டணம்.

ஆனால் டொக்டர், இதைக் காசுக் கணக்காக மட்டும் நான் எழுத விரும்பவில்லை. வன்னியில் பல் கிளினிக்குகளில் வேலைக்கு நிற்பவர்களில் அநேகர் பெண்கள். குடும்பத்தின் முழுச் சுமையையும் தாங்குகிறவர்களும் அதில் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒருத்தி ஒரு கிளினிக்கில் பல வருடம் நின்றவ. காலையில் கதவு திறப்பது, ஓட்டோகிளேவ் போடுவது, அச்செடுக்கிற பொடி குழைப்பது, நம்பர் கூப்பிடுவது எல்லாம் அவதான். வீட்டுத் திட்டத்தில் கிடைத்த வீட்டுக்கு நிலம் போடவும் கழிப்பறை கட்டவும் கடன் கேட்டு வங்கிக்குப் போனா. சம்பளச் சீட்டும் இபிஎப் இலக்கமும் கேட்டார்கள். இரண்டும் இல்லை. அவ அங்கே வேலை செய்தா என்பதற்கு ஊருக்குள் சாட்சி நிறைய, காகிதத்தில் ஒன்றும் இல்லை. கடைசியில் வாரக் கடன்காரரிடம் எடுத்தா, அந்தக் கடனில் இன்னும் நிற்கிறா.

உங்கள் பிள்ளைக்குப் பக்கத்தில் இருத்திச் சொல்லுங்கள். மாதம் 2,400 அவவுடைய பங்கு, அதோடு உங்கள் 3,600ம் சேர்ந்து அவவுடைய பெயரில் நிற்கிறது, வருடா வருடம் வட்டி ஏறுகிறது. பெண்கள் 50 வயதில் எடுக்கலாம். சொன்னால் விளங்கிக்கொள்வார்கள். இந்த மாதமே தொழில் திணைக்களத்தில் பதியுங்கள்.

கேள்வி: பத்துப் பேர் வந்தால் ஒன்பது பேர் பில் கேட்பதில்லை. காசுதான் தருகிறார்கள். சிலர் காசுக்குப் பதிலாக நெல் மூட்டை கொண்டுவருகிறார்கள். சிலருக்குச் சும்மாவே பார்த்து அனுப்புகிறேன். இதையெல்லாம் எப்படிக் கணக்கில் காட்டுவது? (மல்லாவி)

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்தபோது மனம் நிறைந்தது. சும்மா பார்த்தவர்களுக்கு வரி இல்லை. வராத வருமானத்துக்கு யார் வரி கேட்பது? ஆனாலும் எழுதுங்கள். நெல் வருமானம்தான். அன்றைய விலைக்கு அந்த மூட்டையின் பெறுமதியைக் காசு வந்ததுபோல எழுத வேண்டும்.

எதில் எழுதுவது? விலை கூடிய கணினி மென்பொருள் உங்கள் அளவுக்குத் தேவையில்லை. தடித்த சிஆர் கொப்பி ஒன்று போதும். இடது பக்கம் வருமானம்: திகதி, நோயாளர் அட்டை இலக்கம், செய்த வேலை, வாங்கிய தொகை. இலவசம் என்றால் தொகைக்கு நேரே ‘இலவசம்’. வலது பக்கம் செலவு: மருந்து, கையுறை, லிக்னோகேயின், நிரப்புகிற சாமான், லைட் பில், லாப் காசு. ஒவ்வொரு நாளும் பூட்டுவதற்கு முன் கூட்டிக் கோடு போட்டு, லாச்சியில் உள்ள காசோடு ஒத்துப் பாருங்கள். பிழைத்தால் பிழைத்ததாகவே எழுதுங்கள். வருட முடிவில் ஒரே பேனையால் ஒரே இருப்பில் எழுதிய கொப்பி எப்படி இருக்கும் என்று வரி உத்தியோகத்தருக்குத் தெரியும். நாளுக்கு நாள் மை மாறி, இடையிடையே வெட்டித் திருத்தி எழுதிய கொப்பியைத்தான் அவர்கள் நம்புவார்கள்.

லாப் காசைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உங்களிடம் ஒரு பல் செட்டுக்கு வாங்குகிற தொகையில் பெரிய பங்கு செட் செய்கிற லாப்புக்குத்தான் போகிறது. அச்சை யாழ்ப்பாணத்துக்கோ கண்டிக்கோ பஸ்ஸில் பொதியாக அனுப்புகிறீர்கள், திரும்பி வருகிற பொதிக்குள் சின்னத் துண்டில் தொகை எழுதி வருகிறது. அந்தத் துண்டை அச்சுக் கட்டியோடு சேர்த்து எறிந்துவிடுகிறார்கள். அப்படி எறிந்தால் வாங்கிய முழுத் தொகையும் உங்கள் இலாபமாகத்தான் தெரியும். லாப்பின் பெயரும் திகதியும் போட்ட பற்றுச்சீட்டாகவே கேட்டு வாங்குங்கள், முடிந்தால் வங்கி மூலம் கட்டுங்கள். மருந்துக் கடைகளில் மெஷினில் அடித்துத் தருகிற பில் எங்கள் வெயிலுக்கு ஒரு வருடத்தில் வெள்ளைக் கடதாசி ஆகிவிடும். வந்த அன்றே போனில் படம் எடுத்து வையுங்கள். பதிவுகளை ஐந்து வருடம் வைத்திருக்க வேண்டும்.

கேள்வி: முழுநேரமும் தனியார் கிளினிக்தான். வருட இலாபம் 60 லட்சம் அளவில். கொம்பனியாகப் பதிந்தால் வரி குறையும் என்று நண்பர் சொல்கிறார். உண்மையா? (வவுனியா)

பதில்: 2022 செப்டெம்பருக்கு முன் கேட்டிருந்தால் யோசிக்க இடம் இருந்தது. அப்போது சுகாதார சேவை வழங்கும் கொம்பனிக்கு 14 வீதம். அந்தச் சலுகை போய்விட்டது. 2022 ஒக்டோபர் முதல் 30 வீதம். கொம்பனியின் இலாபத்தை உங்கள் கைக்கு எடுக்கும்போது பங்கிலாபத்தில் இன்னும் 15 வீதம். 100 ரூபா இலாபத்தில் 30 போய், மிச்சம் 70இல் பத்தரையும் போய், கைக்கு வருவது 59 ரூபா 50 சதம்.

தனி ஆளாக நீங்கள் கட்டுவது எவ்வளவு? 60இல் 18 போக 42 லட்சம். முதல் 25 லட்சத்துக்கு 420,000, மிச்சம் 17 லட்சத்துக்கு 36 வீதப்படி 612,000. மொத்தம் 10 லட்சத்து 32 ஆயிரம், முழு இலாபத்தில் 17 வீதத்துக்குச் சற்று மேல். கொம்பனி வழியாக முழுவதையும் எடுத்தால் 24 லட்சத்து 30 ஆயிரம். உங்களுக்கே சம்பளம் போட்டு இதைக் குறைக்கலாம், ஆனால் அந்தச் சம்பளத்துக்கும் வரியும் இபிஎப்பும் உண்டு. கணக்காய்வாளருக்கும் கொம்பனிச் செயலாளருக்கும் வருடா வருடம் காசு கொடுக்க வேண்டும். இரண்டு மூன்று வைத்தியர்கள் சேர்ந்து பெரிதாகச் செய்கிறீர்கள், பங்கு பிரிக்க வேண்டும் என்றால் கொம்பனி நல்லது. வரிக்காக மட்டும் வேண்டாம்.

கேள்வி: புதுப் பல் கதிரை, கொம்பிரசர், எக்ஸ்ரே எல்லாம் 25 லட்சத்துக்கு வாங்கினேன். வட மாகாணத்தில் முதலிட்டால் 200 வீதம் கழிக்கலாமாமே? (கிளிநொச்சி)

பதில்: அந்த 200 வீதக் கதை எங்கள் பக்கத்தில் பல வருடமாக உலாவுகிறது, சட்டத்திலும் இருக்கிறது. ஆனால் 2017ஆம் ஆண்டு 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை அதை எழுதியது 30 லட்சம் அமெரிக்க டொலருக்கு மேல் முதலிடுகிறவர்களை நினைத்து. உங்கள் 25 லட்சம் ரூபாவுக்கு அது பொருந்தாது. உங்களுக்கு உள்ளது சாதாரண மூலதனக் கொடுப்பனவு, அதாவது வாங்கிய விலையைப் பகுதி பகுதியாக இலாபத்தில் கழிப்பது: ஐந்து வருடம், வருடத்துக்குச் சமமாக 5 லட்சம். வங்கிக் கடனில் வாங்கியிருந்தால் வட்டியும் செலவு, திருப்பிக் கட்டுகிற கடன் முதல் செலவல்ல. கனடாவில் இருக்கிற அண்ணா காசு அனுப்பினார் என்று எழுதியிருந்தீர்கள். அன்பாக அனுப்பியது உங்கள் வருமானமல்ல. ஆனால் வங்கி வழியாக வந்ததற்கான தாளைக் கோப்பில் வையுங்கள். பின்னொரு நாள் 25 லட்சம் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள்.

கூரையில் சோலார் போட்டு அரச மின்வலையமைப்போடு இணைக்கும் எண்ணம் இருந்தால், அதற்கு வருடத்துக்கு 600,000 ரூபா வரை தனியாக நிவாரணம் கேட்கலாம். கொம்பிரசரும் ஏசியும் ஓடுகிற இடத்துக்கு இதை நான் முழு மனதோடு சொல்வேன்.

கேள்வி: யாழ்ப்பாணத்திலிருந்து பல் சீராக்கல் நிபுணர் ஒருவர் ஞாயிறுகளில் வந்து கம்பி கட்டுகிறார். அவருக்குக் கொடுக்கிற காசில் வரி பிடிக்க வேண்டுமா? (வவுனியா)

பதில்: மாதம் 100,000 ரூபாவுக்கு மேல் போனால் 5 வீதம் நிறுத்திவைத்து, அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்குக் கட்டி, அவருக்குச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். அவர் கோபிக்கக்கூடாது. அது அவருடைய வரியில் முன்கூட்டியே கட்டியதாகக் கழியும். கட்டட வாடகை மாதம் 100,000க்கு மேல் என்றால் அதிலும் 10 வீதம் இதேபோல.

கேள்வி: பில்லில் 18 வீத வற் போட வேண்டுமா?

பதில்: வேண்டாம். தகுதி பெற்ற வைத்தியர் செய்கிற சிகிச்சை பெறுமதி சேர் வரியிலிருந்து விலக்கு. பதியாமல் வற் என்று எழுதிக் காசு வாங்குவதுதான் குற்றம். ஆனால் விற்கிற சேவை விலக்கு என்பதால், சாமான் வாங்கும்போது நீங்கள் கட்டிய வற்றைத் திரும்பக் கேட்க முடியாது. அது உங்கள் செலவில் சேரும். 2024இல் வற் 15இலிருந்து 18 ஆனபோது கிளினிக் செலவு ஏறியது அப்படித்தான்.

கிளினிக்கோடு பற்பசை, தூரிகை, மருந்து என்று கடையும் வைத்திருப்பவர்கள் கவனியுங்கள். வற் பதிவு எல்லை வருடம் 6 கோடியாக இருந்தது. 2026 ஏப்ரல் முதல் அதை 3 கோடி 60 லட்சமாகக் குறைக்க வரவு செலவுத் திட்டத்தில் முன்மொழிந்தார்கள்.

கேள்வி: நிலையான வைப்பு வட்டியில் 10 வீதம் பிடிக்கிறார்கள். முன்பு 5தானே? அப்பாவின் வைப்பிலும் பிடிக்கிறார்கள். அவருக்கு ஓய்வூதியம் மட்டும்தான். (மன்னார்)

பதில்: 2025 ஏப்ரல் 1 முதல் 10. உங்களுடையதில் பிடித்ததை உங்கள் வருட வரியில் கழித்துக்கொள்ளுங்கள், வட்டியையும் வருமானத்தோடு காட்டுங்கள். அப்பாவின் மொத்த வருமானம் வருடம் 18 லட்சத்துக்கு மேல் போகாவிட்டால், அவர் வரி அடையாள இலக்கம் எடுத்து, வங்கியில் சுய பிரகடனப் படிவம் கொடுத்தால் பிடிக்க மாட்டார்கள். அவரைத் தனியாக அனுப்பாதீர்கள், கூடப் போய் நிரப்பிக் கொடுங்கள்.

கேள்வி: பேராதனையில் படிப்பை முடித்து உள்ளகப் பயிற்சியும் முடித்துவிட்டேன். ஒட்டுசுட்டானில் கிளினிக் திறக்க ஆசை. எதை முதலில் செய்வது?

பதில்: திறவுங்கள் தங்கச்சி. உங்களைப் போன்றவர்கள் ஒட்டுசுட்டானுக்கும் நெடுங்கேணிக்கும் வர வேண்டும். ஒரு பல்லைப் பிடுங்க ஒரு நாள் கூலியை விட்டு முல்லைத்தீவுக்கும் வவுனியாவுக்கும் பஸ் ஏறுகிற சனம் அங்கே இருக்கிறது.

இலங்கை மருத்துவ சபைப் பதிவு உங்கள் கையில் இருக்கும். அடுத்தது 2006ஆம் ஆண்டு 21ஆம் இலக்கச் சட்டத்தின்படி தனியார் மருத்துவ நிறுவனமாகப் பதிவது. மாகாண சுகாதார சேவைகள் பணிப்பாளர் வழியாக விண்ணப்பித்து வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். எக்ஸ்ரே வைப்பதென்றால் அணுசக்தி ஒழுங்குறுத்துகைச் சபையின் அனுமதி வேண்டும், மெஷின் வாங்குவதற்கு முன்பே விசாரியுங்கள். பிரதேச சபையிலும் கேளுங்கள். வரி அடையாள இலக்கத்தைத் திறப்பதற்கு முன் எடுங்கள், கிளினிக்குக்கென்று தனி வங்கிக் கணக்கும் அன்றே திறவுங்கள். திறப்பதற்கு முன் செய்த செலவுகளின் பில்களையும் ஒரு கோப்பில் போடுங்கள்.

கட்டடத்துக்கு வாய்ப்பேச்சில் போகாதீர்கள், குத்தகை எழுதுங்கள். 2025 ஏப்ரலிலிருந்து குத்தகைக்கு முத்திரை வரி இரட்டிப்பாகி 1,000 ரூபாவுக்கு 20 ரூபா ஆகியிருக்கிறது. அதற்காக ஒரு வருடத்துக்கு மட்டும் எழுதிவிடாதீர்கள். கதிரையின் பெறுமதி வரிக் கணக்கில் கழிந்து முடிய ஐந்து வருடம் எடுக்கும். தண்ணீர்க் குழாயும் கழிவுக் குழாயும் நிலத்துக்குள் பதித்த பிறகு சொந்தக்காரர் எழும்பச் சொன்னால் அவ்வளவும் நட்டம். ஐந்து வருடமும், அதன் பின் நீட்டிக்கிற உரிமையும் கேட்டு எழுதுங்கள்.